பக்குவமான பிள்ளை

என் மகளைப் பார்த்து யாராவது "என்னா பக்குவமான புள்ள!" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஏழு வயதுக் குழந்தை, ரத்தம் எடுக்க வரும் நர்ஸிடம் தானே கையை நீட்டி, "இந்தக் கையில நரம்பு கெடைக்காதுக்கா, அந்தக் கையில பாருங்க" என்று சொன்னால் யாருக்கும் பாராட்டத்தான் தோன்றும். எனக்கு மட்டும் அவள் முதுகில் ஒன்று வைத்து, "அழுடி! ஊசிடி அது! அழுது தொலை!" என்று கத்தத் தோன்றும்.

அவள் அழமாட்டாள். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் எங்களோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகள் ஊசியைப் பார்த்ததும் ஊரைக் கூட்டுவார்கள். அந்தத் தாய்மார்கள் தங்கள் பிள்ளையின் கன்னத்தைத் திருப்பிப் பிடித்து, "அந்த அக்காவப் பாரு, எப்பிடி சமத்தா இருக்குது பாரு" என்பார்கள். சமத்து எழுந்துபோய் அந்தப் பிள்ளையிடம் வேறு ஆறுதல் சொல்லிவிட்டு வரும். எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு, வாயைத் திறந்து கத்துகிற அந்தப் பையன்களை எல்லாம் தூக்கி வைத்துக் கொஞ்சலாம் போல இருக்கும்.

2005இல் ஆரம்பித்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு நாள் காலையில் கண் இரண்டும் வீங்கிப்போய் எழுந்து வந்தாள். ஏதோ பூச்சி கடித்திருக்கிறது என்று மஞ்சளைக் குழைத்துப் போட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து காலுறையைக் கழற்றினால், காலைச் சுற்றி ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலிருந்த டாக்டர் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு, உட்காரக்கூட விடாமல் சிதம்பரத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சிறுநீரகத்தில் இருக்கிற வடிகட்டி கெட்டுப்போய், உடம்பில் தங்க வேண்டிய புரதமெல்லாம் சிறுநீரோடு வெளியே போகிறது என்று சிதம்பரத்தில் இருந்த டாக்டரம்மா விளக்கினார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும். ஆனால் அதுவரைக்கும் போகும், வரும், போகும், வரும் என்றார். வந்தால் ஸ்டீராய்டு மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு. போனால் கொஞ்சம் கொஞ்சமாக மாத்திரையைக் குறைத்து, மற்றப் பிள்ளைகளைப் போல் சாப்பிடலாம். வந்ததா போனதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்குத்தான் ஒரு டெஸ்ட் டியூபைக் கையில் கொடுத்தார்.

தினமும் காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரை அந்த டியூபில் பிடிக்க வேண்டும். மேல்பாதியை மட்டும் நெருப்பில் காட்டிக் கொதிக்கவிட வேண்டும். பிறகு புளிப்புத் தண்ணீர் மாதிரி ஒரு அமிலம், அதில் இரண்டு மூன்று சொட்டு. தெளிவாக இருந்தால் நோட்டில் "இல்லை" என்று எழுதலாம். வெள்ளையாகக் கலங்கினால் டியூபுக்குப் பின்னால் தினசரித்தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். எழுத்து தெரிந்தால் ஒரு ப்ளஸ், மங்கினால் இரண்டு, எழுத்தே தெரியாமல் தயிர் மாதிரி திரண்டுவிட்டால் மூன்று. தொடர்ந்து மூன்று நாள் மூன்று ப்ளஸ் என்றால் உடனே சிதம்பரத்துக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இந்த ஒன்றை மட்டும் டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். தாமதித்தால் உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும், அப்போது ஒரு சாதாரணத் தொற்றுகூட ஆளையே கொண்டுபோய்விடும் என்றார். ஆக, என் மகளுடைய உயிர் அந்தக் காலை நேரத்து டியூபில் இருந்தது. அதை யாராவது பார்த்து உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும், எல்லாம் சமாளித்துவிடலாம்.

இதில் எங்கே கோட்டைவிட்டோம் என்று சொல்கிறேன். முதல் மாதமே என் வீட்டுக்காரர் சொன்னார்: "பொட்டப் புள்ள. நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சிக் குடுக்கணும். கிட்னி கிட்னின்னு ஊரெல்லாம் டமாரம் அடிக்காத." அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நானும் சரி என்றுதான் தலையை ஆட்டினேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு யாரோ ஒருத்தன் இருபது வருஷம் கழித்து வந்து பெண் பார்க்கப்போகிறான், அவனுக்காக இப்போதே வாயை மூடிக்கொண்டோம். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

வாயை மூடினால் மட்டும் முடிந்துவிடுமா? மாதாமாதம் எதற்காகக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஓடுகிறீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே. "கோயிலுக்கு" என்றோம். அவ்வளவுதான், நான் பெரிய பக்தை ஆகிவிட்டேன். பெண்ணாடத்தில் என் பெரிய நாத்தனார் இருந்தார், என் வீட்டுக்காரருக்கு அக்கா. அவர் போனில், "ஏம்மா, நடராஜர பாக்கப் போனியே, எனக்கு விபூதி எங்க?" என்பார். ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்து, ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வாங்கி, மூன்று மணிக்குப் பசியோடு வெளியே வந்த பிறகு நான் எந்தக் கோயிலுக்குப் போவது? சன்னதித் தெருக் கடையில் விபூதிப் பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று ரயிலையும் நிறுத்திவிட்ட காலம். பஸ்ஸில் நின்றுகொண்டே வருவோம். மூன்று நான்கு வருஷம் நான் கடை விபூதியைப் பிரசாதம் என்று கொடுத்து ஏமாற்றியிருக்கிறேன். அந்தப் பாவம் வேறு.

நாத்தனார் ஊருக்கு வந்தால் என் மகளிடம் கேட்பார். "கோயில்ல என்னாடி பாத்த?" என் மகள் கொஞ்சமும் தடுமாறமாட்டாள். "இன்னிக்கு ரொம்ப கூட்டம் அத்தை. அம்மா என்ன தூக்கிக் காட்டுனாங்க." ஏழு வயதில்! நான் அடுப்படியில் நின்றுகொண்டு, எவ்வளவு சாமர்த்தியம் என்று பூரித்துப்போனேன்.

அந்த நாத்தனாரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிட்டால் முகம் உப்பிக் கன்னம் இரண்டும் பந்தாகிவிடும். அந்த மாதிரி இருக்கும்போது பார்த்தால் என் நாத்தனாருக்கு ஒரே சந்தோஷம். கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்து, "இப்பதான் புள்ளைய ஒழுங்கா கவனிக்கிற. எப்பிடி தேறிட்டா பாரு!" என்பார். வியாதி அடங்கி, மாத்திரை குறைந்து, என் மகள் அவளுடைய சொந்த முகத்தோடு நன்றாக இருக்கிற காலத்தில் வந்து பார்த்தால், "ஏம்மா, புள்ளைக்கி சோறு போடறியா இல்லியா? இப்பிடி வத்திப்போயிருக்குது!" என்பார். பிள்ளைக்கு முடியாதபோது எனக்குப் பாராட்டு, பிள்ளை நன்றாக இருக்கும்போது எனக்குத் திட்டு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். என் மகள்தான் குறுக்கே வந்து, "ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம் அத்தை, அதான் எளைச்சிட்டேன்" என்று என்னைக் காப்பாற்றுவாள்.

இந்த மாத்திரை சாப்பிட்டால் பிள்ளைகளுக்குக் கோபம் வரும், அடம் பிடிப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். நானும் பொறுத்துக்கொள்ளத் தயாராகத்தான் காத்திருந்தேன். எங்கள் வீட்டில் நடந்ததோ தலைகீழ். மாத்திரை அவளுக்கு, கோபம் எனக்கு. டியூபில் வெள்ளை கட்டினால் நான் அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிடுவேன். சாமியைத் திட்டுவேன், வீட்டுக்காரரைத் திட்டுவேன், குழாயைத் திட்டுவேன், பிறகு ஓவென்று அழுவேன். அவள் வந்து துண்டை நீட்டி, "எழுந்திரும்மா, ஆபீஸுக்கு நேரமாவுது" என்பாள். நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் இருந்த என் ஆபீசுக்கு ஓடுவேன். அவளுக்கு ஒன்பது வயது ஆனபோது, "டெஸ்ட்ட இனிமே நானே பாக்கறேம்மா" என்றாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. உண்மையைச் சொன்னால் என்ன? அந்த டியூபைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. சிதம்பரத்தில் சொன்னபோது டாக்டரம்மாவும் அவள் கன்னத்தைத் தட்டி, "வெரி குட்" என்றார். அன்று முதல் டியூப், நோட்டு, பேனா எல்லாம் அவள் கையில்.

அடுத்த வருஷம் நாத்தனார் மகள் வயதுக்கு வந்தாள். பெண்ணாடத்தில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். என் வீட்டுக்காரர்தான் தாய்மாமன். தாய்மாமன் சீர் எடுத்துக்கொண்டு போய், அந்தப் பெண்ணுக்கு மாலை போட்டால்தான் விழா. அது இல்லாமல் எவ்வளவு பெரிய மண்டபம் பிடித்தாலும் சபையில் அக்காளுக்குத் தலைகுனிவு. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அதே நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் போகவில்லை. மூன்று நாள் மூன்று ப்ளஸ், சிதம்பரத்தில் இருந்தோம். "லீவு கெடைக்கல" என்று சொல்லிவிட்டோம். உண்மையைச் சொல்ல முடியாதே! நாத்தனார் எட்டு மாதம் எங்களோடு பேசவில்லை. அதனால் இந்தத் தடவை என் வீட்டுக்காரர் வீடே அதிரும்படி சொன்னார்: "வானம் இடிஞ்சி விழுந்தாலும் போறோம். இந்தத் தடவையும் போவலன்னா எங்கக்கா என்ன தலமுழுகிடும்." பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

விழாவுக்கு முன்னால் பத்து நாள் நான் புடவை எடுக்க, தாம்பாளம் வாங்க என்று அலைந்துகொண்டிருந்தேன். காலையில் தலை பின்னிவிடும்போது, "என்னாடி, டெஸ்ட்டு?" என்று கேட்பேன். "இல்லம்மா" என்பாள். நோட்டைப் பார்ப்பேன். அவளுடைய அழகான கையெழுத்தில் "இல்லை, இல்லை, இல்லை" என்று இருக்கும். ஒரு நாள் இமை கொஞ்சம் தடித்த மாதிரி இருந்தது. "என்னாடி கண்ணு?" என்றேன். "தூங்குனது ஜாஸ்திம்மா" என்றாள். நாலு வருஷமாக அந்தக் கண்ணைத்தான் நான் தினமும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாதா? தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நோட்டில் "இல்லை" என்று இருந்தது, எனக்கும் அதை நம்ப வேண்டியிருந்தது.

பெண்ணாடத்தில் மேளம் முன்னால் போக, நாங்கள் சீர்த் தட்டுகளோடு மண்டபத்துக்கு நடந்தோம். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு என் மகளும் பழத்தட்டை ஏந்தி வந்தாள். வாசலிலேயே நாத்தனார் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "என் மருமவள பாரு! இப்பதான் பாக்க லட்சணமா இருக்கா!" என் மகள் சிரித்தாள். என் வீட்டுக்காரர் மாலை போட்டார். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பந்தியில் என் மகள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். வடை, அப்பளம், ஊறுகாய், ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. எதிர்வரிசையில் இருந்து நான் கண்ணாலேயே கேட்டேன். பரவாயில்லை என்று தலையாட்டினாள். டெஸ்ட்தான் தெளிவாக இருக்கிறதே, ஒருநாள் உப்பு சாப்பிட்டால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

சாப்பாடு முடிந்து கிளம்புகிற நேரம். வாசலில் செருப்புகளுக்கு நடுவில் அவள் தரையில் உட்கார்ந்து, தன் செருப்புக்குள் காலை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "புதுச் செருப்பும்மா, கடிக்குது" என்றாள். அது ஆறு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்த செருப்பு. நான் குனிந்து பாவாடையைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

"எத்தன நாளாடி?"

அவள் மறைக்கவில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னாள். "போன வாரத்துக்கு முந்தின வியாழக்கெழமையிலேர்ந்து. மொதல்ல ரெண்டு ப்ளஸ். அப்பறம் தெனமும் மூணு."

"அடிப்பாவி! ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நாம வந்திருக்க முடியாதில்ல? அப்பா மால போட வேணாமா?" என்றவள், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "மெதுவா பேசும்மா, அத்தைக்குக் கேக்கப்போவுது" என்றாள்.

அங்கேயே ஒரு வாடகைக் காரைப் பிடித்து நேரே சிதம்பரத்துக்கு விட்டோம். நாத்தனாரிடம் என்ன சொன்னோம் என்று கேட்கிறீர்களா? "அப்படியே கோயிலுக்குப் போயிட்டு வந்துடறோம்" என்றோம். அப்போதுகூட! வழியெல்லாம் நான் கத்திக்கொண்டே வந்தேன். அவளுக்கு மேல்மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. அந்த மூச்சுக்கு நடுவில், "சேத்தியாத்தோப்பு வந்துடுச்சிம்மா... புவனகிரி தாண்டிட்டா அவ்ளோதான்... ஒண்ணும் ஆவாது" என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூச்சுவிட முடியாத பிள்ளை, தன்னைப் பார்த்துக்கொள்ளாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நெஞ்சுக்கூட்டில் நீர் சேர்ந்திருந்தது. உடனே படுக்கையில் சேர்த்துப் புரதத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். டாக்டரம்மா நோட்டைக் கேட்டார். எங்கே போனாலும் அதையும் எடுத்துப்போவோம். பக்கம் முழுக்க "இல்லை" என்று இருந்ததைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து என் மகள் சொன்னாள். "நான்தான் டாக்டர் பொய் எழுதுனேன். அம்மா மேல தப்பு இல்ல." டாக்டரம்மா என்னை வெளியே அழைத்துப்போய், "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. பத்து வயசுப் புள்ளகிட்ட நோட்ட ஏம்மா குடுத்தீங்க?" என்றார். நீங்கதான மேடம் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தீங்க என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. கொடுத்தவள் நான்தானே.

இரண்டு நாள் கழித்து மூச்சு சீரான பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். "சொன்னா நான் உன்ன அடிச்சிடுவேன்னு பயந்துட்டியா?"

"பயம்லாம் இல்லம்மா. நீ அழுவ. பாவமா இருக்கும்."

"அதுக்காக எங்கிட்டயே மறைப்பியாடி?"

"நீங்கதான யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்க?"

"வெளியாளுங்ககிட்ட சொல்லாதன்னு சொன்னோம்! நான் வெளியாளாடி?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். குதர்க்கமாகப் பேசவில்லை, நிஜமாகவே யோசித்தாள். "தெரியலம்மா. அத்தைகூட வெளியாளு இல்லியே" என்றாள்.

மறைக்கச் சொல்லிக் கொடுத்தது நாங்கள். அதை அவள் எங்களைவிட ஒழுங்காகச் செய்துவிட்டாள். எது வரைக்கும் மறைக்க வேண்டும், யாரிடம் நிறுத்த வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டவே இல்லையே நாங்கள்.

நாலாம் நாள் நாத்தனார் வந்துவிட்டார், பழமும் ஒரு தூக்கு நிறைய முறுக்குமாக. கோயிலுக்கு வந்த இடத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தாராம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "காய்ச்சலும் இல்ல, கோயிலும் இல்ல அண்ணி" என்று ஆரம்பித்தேன். நாலு வருஷத்துக் கதையையும் நின்ற இடத்திலேயே கொட்டினேன். வியாதி, மாத்திரை, அந்த உப்பின கன்னம், கிரகப்பிரவேசம், கடை விபூதி எல்லாவற்றையும். நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "என் தம்பி எங்கிட்டயே மறைச்சிட்டானே! நான் ஒரு பாவி, வீங்கின கன்னத்தக் கிள்ளிக் கிள்ளிப் பாத்தேனே!" என்று புலம்பினார். எனக்கு நாலு வருஷமாகத் தலையில் இருந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மகள் பக்கம் திரும்பி, அவள் தலையைத் தடவினார். "எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சிக்கினு... என்னா பக்குவம்டா என் தங்கத்துக்கு!"

தட்டு பறந்தது. உப்பில்லாத இட்லி இரண்டும் சுவரில் போய் மோதின.

"போங்க! எல்லாரும் வெளிய போங்க!" அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. "யாரக் கேட்டு சொன்ன? எனக்குத்தான வியாதி? சொல்லாதன்னு சொன்னப்பவும் என்ன கேக்கல. இப்ப சொல்றப்பவும் என்ன கேக்கல. நீங்களா மறைப்பீங்க, நீங்களா சொல்லுவீங்க!" கையில் ஊசி இருப்பதையும் மறந்து கட்டிலை அடித்தாள். "எனக்கு இந்த இட்லி புடிக்கல! நாலு வருஷமா புடிக்கல! ஊசி வலிக்குது! எல்லா ஊசியும் வலிச்சிது! ஸ்கூல்ல என்ன பூசணிக்கான்றாங்க! எனக்கு ஒரு பக்குவமும் இல்ல!"

அவள் எப்போது கத்துவாள் என்று நாலு வருஷமாக ஏங்கியவள் நான். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "கத்தாதடி, எல்லாரும் பாக்கறாங்க" என்று வந்தது. சொல்லி முடிப்பதற்குள் என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என்னால் யாருக்கும் விளக்க முடியாது. சத்தம் கேட்டு நர்ஸ் ஓடி வந்து, "இன்னா இது, நம்ம தங்கப் புள்ளையா கத்துது?" என்றார். "கத்தட்டும் சிஸ்டர், விடுங்க" என்றேன். அரைமணி நேரம் கத்தினாள். தொண்டை கட்டிப்போகும்வரை அழுதாள். தொடப்போன என் கையைத் தட்டிவிட்டாள். நாத்தனார் சுவரோரம் குனிந்து இட்லியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் என் மகள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, இனிமேல் டெஸ்ட்டை நான்தான் பார்ப்பேன் என்று டியூபைக் கையில் எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "என்னோடது. நான்தான் பாப்பேன். வேணும்னா நீ பக்கத்துல நில்லு." சரி என்றேன். எழுதுவது அவள், பக்கத்தில் நின்று பார்ப்பது நான் என்று முடிவாயிற்று. யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லக்கூடாது என்பதையும் அவள்தான் முடிவு செய்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தோழியிடம் சொன்னாள். அது யார் என்று என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டு நச்சரித்தேன். அப்போதும் சொல்லவில்லை. முன்பிருந்த சமத்தெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று தினமும் ஒரு சண்டை, மாத்திரை கசக்கிறது என்று ஒரு சண்டை. சிதம்பரத்தில் ஊசியைப் பார்த்தால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள். என் பிராணனை வாங்கினாள். நானும் பதிலுக்குப் பதில் கத்தினேன். நான் கேட்டதுதானே, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

எட்டு ஒன்பது மாதம் டியூப் தெளிவாகவே இருந்தது. அதற்குப் பிறகு வந்தது அந்தக் காலை. இரண்டு நாளாகக் கலங்கிக்கொண்டிருந்தது, மூன்றாம் நாள். அடுப்படியில் இரண்டு பேரும் நின்றோம். அவள் டியூபை நெருப்பில் காட்டினாள், சொட்டு விட்டாள், தாளைப் பின்னால் பிடித்தாள். தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை. என் முகம் என் பேச்சைக் கேட்காது என்று எனக்குத் தெரியும். சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மூணு ப்ளஸ்" என்றாள் உரக்க. நோட்டில் எழுதுகிற சத்தம் கேட்டது. "இந்தப் பக்கம் திரும்பும்மா."

திரும்பினேன்.

"அழுவறதுன்னா அழுதுக்க. இந்தத் தடவ நான் உன்ன சமாதானம் பண்ணமாட்டேன். எனக்கே பயமா இருக்கு."

அடுப்பை அணைத்தேன். அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. அடுப்படித் தரையிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். சொன்னபடியே அவள் என்னைச் சமாதானம் செய்யவில்லை.